கண்ணாடிக்குப் போட்ட கொசுறு

ஒட்டன்சத்திரம் என்னும் தூர தேசத்துக்கு, பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டு விழிப்பதற்குள் வந்துவிடுகிற அந்தக் கடல்கடந்த நாட்டுக்கு, வாழப் போயிருக்கும் என் மகளுக்கு,

தினமும் போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், அப்புறம் எதற்கு அப்பன் பேனாவைத் தூக்கினான் என்று கேட்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே சிரித்துவிடுகிறாய். நீ சிரித்ததும் நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொரு புளுகை அவிழ்த்துவிடுகிறேன். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதோடு, இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் நம் கமிஷன் கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டப்போகிறேன். கண்ணாடி போட்ட பெண்ணைப் பெற்றவர்கள் இந்தச் சீமையில் ஏராளம். அவர்களுக்கும் கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும்.

உன் அப்பன் சாதாரண ஆளில்லை என்பது மூவுலகுக்கும் தெரியும். மல்லிகை மூட்டை இறங்கும்போதே அது எந்தத் தோட்டத்துப் பூ என்பதிலிருந்து, பறித்தவர் காலையில் இட்லி சாப்பிட்டாரா, பழைய சோறு சாப்பிட்டாரா என்பதுவரை சொல்லிவிடுவேன். நான் ஏலம் கூறினால் சிறுமலையில் தூங்குகிற குரங்கு புரண்டு படுக்கும். அப்பேர்ப்பட்டவனுக்குப் பிறந்த பெண், பள்ளிக்கூடத்தில் போர்டு தெரியவில்லை என்று வந்து நின்றபோது நான் நம்பவில்லை. நடிப்பு என்றேன். உன் அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோதித்துக் கண்ணாடி மாட்டிக் கூட்டி வந்தாள். கடை வாசலில் நின்று நீ மலைக்கோட்டையை நிமிர்ந்து பார்த்தாய். "யப்பா, மேல செவரு இருக்குப்பா!" என்று கத்தினாய். ஊரின் நடுவே அத்தனை பெரிய பாறை, அதன் தலையில் ஒரு கோட்டை. அதுவரை உனக்கு அது வெறும் பழுப்பு மேகமாக இருந்திருக்கிறது. நீ எங்களிடம் குறை சொல்லவே இல்லை. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் கலங்கலாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கலங்கலிலேயே வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாய். நானாக இருந்தால் பள்ளிக்கூடம் இருக்கும் திசையே தெரியவில்லை என்று சொல்லி வீட்டிலேயே படுத்திருப்பேன்.

அன்றைக்குப் போட்ட கண்ணாடியோடு சேர்ந்து நம் வீட்டில் ஒரு யுத்தமும் ஆரம்பித்தது. எதிரணித் தளபதி என் அக்கா, உன் அத்தை. "பொம்பளப்புள்ளைக்குக் கண்ணாடியப் போட்டு விட்டீகன்னா எவன்டா கட்டுவான்?" என்று அவர் அன்றைக்கு ஊதிய சங்கு உன் கல்யாணம்வரை ஓயவில்லை. விசேஷ வீடுகளில் உன்னைப் பார்த்ததும் அவர் கை தானாக உன் மூக்குக்கு வரும். கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொள்வார். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாய். போட்டோவெல்லாம் எடுத்து முடித்த பிறகு திருப்பித் தருவார்.

மாப்பிள்ளை வீட்டார் உன்னைப் பார்க்க வந்த அன்றும் அதுதான் நடந்தது. வாசலில் கார் நின்றதும் அத்தை உன் கண்ணாடியைப் பறித்துவிட்டார். நீ வந்தாய், கும்பிட்டாய், உட்கார்ந்தாய். கூடம் முழுக்கச் சனம். அப்புறம், கடைக்குப் போய்ச் சீனி வாங்கி வரச் சொல்வதுபோல, சாதாரணமாகத் திரும்பிச் சொன்னாய்: "அத்தே, அந்தக் கண்ணாடியத் தாங்க. அவுக என்னையப் பாக்க வந்திருக்காக. நான் அவுகளப் பாக்க வேணாமா?"

கூடத்தில் மின்விசிறிகூட நின்றுவிட்டது என்றுதான் நான் சத்தியம் செய்வேன். அத்தை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நீ அதை முந்தானையில் துடைத்தாய், மாட்டினாய், மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாய். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "நல்லாப் பாத்துக்குங்க. அப்புறம் சரியாத் தெரியலைன்னு சொல்லப்படாதுங்க" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. உனக்கும்தான். நீ மறைத்தாலும் உன் காது சிவந்தது.

ஆனால் யுத்தம் முடியவில்லை. நிச்சயதார்த்தத்தன்று, அத்தை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த உன் கண்ணாடிமேல் அத்தையே உட்கார்ந்தார். அவருடைய கனத்துக்கு மலைக்கோட்டையே இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும், பாவம் ஒரு கண்ணாடி என்ன செய்யும்? ஒரு காது போயிற்று, ஒரு சில்லு விரிசல் விட்டது. "சாமியாப் பாத்து ஒடச்சிருச்சு. மணவறையில கண்ணாடி வேணாம்னு அதுக்கே தெரியிது" என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் கூத்துதானே, கழற்றிவிட்டால் என்ன என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். நீ சண்டை போடவில்லை. "எங் கல்யாணத்த நான் பாக்கணும்ப்பா. யாரு யாரு வந்தாக, யாரு சிரிச்சாக, எல்லாம் பாக்கணும். ஆல்பத்துல வந்தப்புறம் பாத்துக்க அது என்ன ஊரான் கல்யாணமா?" என்றாய். வாய்க்கு வாய் பேசியே வயிறு வளர்த்த நான், அந்த ஒரு கேள்வியில் உன் கட்சிக்கு மாறினேன்.

புதுசை ஆன்லைனில் வாங்கப்போகிறேன் என்று நீ சொன்னதும் எனக்கு வந்த கோபத்தில் தாடிக்கொம்புவரை வெயில் ஏறியது. மூக்கில் வைத்துப் பார்க்காமல் கண்ணாடி வாங்குவதும், முகர்ந்து பார்க்காமல் மல்லிகை வாங்குவதும் ஒன்று என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். நீ பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாய். அதில் என் மூஞ்சி. மூஞ்சியின்மேல் தானாக வந்து உட்கார்ந்தது ஒரு கண்ணாடி! தலையை ஆட்டினேன், அதுவும் ஆடியது. வட்டம், சதுரம், பூனைக்கண் என்று நீ தள்ளத் தள்ள, நான் ஒரு நேரம் ஜட்ஜாகவும், ஒரு நேரம் கொள்ளைக்காரனாகவும், ஒரு நேரம் உன் அத்தை மாதிரியும் மாறினேன். பிரசங்கத்தை அங்கேயே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். முகூர்த்தப் புடவைக்குத் தோதாக ஒரு அரக்கு நிற பிரேமை நீ தேர்ந்தெடுத்தபோது, "இதான் தாயி, இதான்!" என்று முதலில் கத்தியது நான்தான்.

இப்போது அந்தப் பாவத்துக்கு வருகிறேன். கண் ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு வெளியே வந்தோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் உனக்குப் போனில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. கல்யாணம் நெருங்கிவிட்டது, அன்றே ஆர்டர் போட்டால்தான் நேரத்துக்கு வரும். "யப்பா, வலது கண்ணு, இடது கண்ணுன்னு கட்டம் இருக்கும். டாக்டர் சீட்டுல இருக்கத அப்பிடியே அடிங்க" என்று போனை என்னிடம் கொடுத்தாய்.

அப்படியே! மகளே, அந்த வார்த்தைக்கு நம் கடையில் ஏது இடம்? தராசு நேராக நின்ற பிறகு ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவதுதான் பூ வியாபாரம். முள் நின்ற இடத்தில் கையை நிறுத்துகிறவன் கடைக்கு மறுநாள் ஈ வராது. அதிலும் கல்யாணப் பூ என்றால் கொசுறு இரண்டு கைப்பிடி. சீட்டைப் பார்த்தேன். டாக்டர் கஞ்சத்தனமாக எழுதியிருப்பதுபோல் தோன்றியது. என் ஒரே மகள், அவள் கல்யாணத்துக்குக் கண்ணாடி, அதில் அளந்து நிறுத்தினால் நான் என்ன அப்பன்? ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் ஏற்றினேன். பவரில் ஏற்றினேன். டிகிரி என்று ஒரு கட்டம் இருந்தது, அது வெயிலா காய்ச்சலா என்று தெரியவில்லை, இருந்தாலும் ஓரவஞ்சனை கூடாது என்று அதிலும் ஏற்றினேன். "சரியா அடிச்சிட்டீகளாப்பா?" என்றாய். "கொறைய வைக்கல தாயி" என்றேன். அது பொய் இல்லை.

பெட்டி வந்தது. பட்டுத் துணி, சிறு டப்பா, உள்ளே ராஜகுமாரி போல அந்த அரக்குக் கண்ணாடி. நீ மாட்டிக்கொண்டு எழுந்தாய். எழுந்தவள் கதவைப் பிடித்தாய். "யப்பா, தரை ஏன் சாஞ்சிருக்கு?" என்றாய். கூடத்தைக் கடப்பதற்குள் கப்பலில் போகிறவள் மாதிரி இரண்டு தடவை காலைத் தூக்கித் தூக்கி வைத்தாய். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி மின்னியது. நானோ அந்தக் கம்பெனியின் ஏழு தலைமுறையைத் திட்ட ஆரம்பித்தேன். நீ ஒரு வார்த்தை பேசாமல், பழைய உடைந்த கண்ணாடியை ஒற்றைக் காதில் தொங்க விட்டுக்கொண்டு, டாக்டர் சீட்டையும் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய்.

"யப்பா, இதுல ஏன் எல்லாமே கூட இருக்கு?"

"கொசுறும்மா."

நீ திட்டுவாய் என்று கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். நீ சிரித்தாய். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கையில் உதவாத கண்ணாடியை வைத்துக்கொண்டு, அப்படிச் சிரிக்க எந்த மகாராணியால் முடியும்?

நான் உனக்கு ராஜதந்திரம் சொல்லிக் கொடுத்தேன். "கம்பெனிக்காரன்தான் தப்பாச் செஞ்சான்னு போடு ஒரு போடு. பயந்துபோய் மாத்திக் குடுப்பான்." நீ தலையை ஆட்டிவிட்டு அவர்களுக்குப் போன் போட்டாய். ஸ்பீக்கரில் ஒரு பெண். "ஆர்டர்ல என்ன பிரச்சனைங்க மேடம்?" என்று கேட்டது.

"ஒங்க மேல தப்பில்லங்க. நம்பரத் தப்பா அடிச்சது நாங்கதேன். எங்கப்பா பூக்கடை வச்சிருக்காரு, பவருக்குக் கொசுறு போட்டுட்டாரு" என்றாய்.

அந்தப் பக்கம் களுக்கென்று ஒரு சிரிப்பு. "எங்கப்பா காய்கறிக் கடைங்க மேடம். அவரு கைல குடுத்திருந்தாலும் இதான் நடந்திருக்கும்" என்றது அந்தப் பெண். சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னது. அவசரம் என்று குறித்துக்கொண்டது. என் ராஜதந்திரத்தால் ஒரு மாதம் இழுத்திருக்கும் வழக்கை உன் உண்மை ஒரு காபி ஆறுவதற்குள் முடித்தது. இந்த வித்தையை நீ எங்கே படித்தாய்? என்னிடம் இல்லை. அதை மட்டும் நான் கோர்ட்டில் வந்து சொல்லத் தயார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நாம் எல்லோரும் தாடிக்கொம்பு மண்டபத்துக்குப் போய்விட்டோம். சாயங்காலம் உனக்கு நலங்கு. கை, கன்னம் எல்லாம் மஞ்சள். அந்த நேரத்தில் எனக்கு ஒரு போன். "சார், கண்ணாடி பார்சல். வீடு பூட்டியிருக்கு. நான் சாணார்பட்டி ரோட்டுல அடுத்த டெலிவரிக்கு வந்துட்டேன். ரிட்டன் போட்டுறவா?" ரிட்டனா! வேட்டியை மடித்துக் கட்டி ஸ்கூட்டரை எடுத்தேன். அன்றைக்கு நான் ஓட்டிய வேகத்தில் எனக்கு முன்னால் போன என் நிழலையே முந்தினேன். ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார் அந்த டெலிவரிக்காரர். தங்கமான மனுஷன். பார்சலை நீட்டியவர், "ஓடிபி சொல்லுங்கண்ணே" என்றார்.

ஓடிபி உன் போனுக்கு வந்திருந்தது. உன் போன் அத்தை மடியில் இருந்தது. அத்தையின் போனுக்கு அடித்தேன்.

"அக்கா, பாப்பா போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதச் சொல்லு."

"அதெல்லாம் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பேங்குல சொல்லியிருக்காக."

"நான் ஒந் தம்பிக்கா!"

"தம்பி மாதிரி பேசித்தேன் ஏமாத்துறாய்ங்களாம். நீ எந் தம்பின்னா, சின்ன வயசுல எங்க விழுந்து பல்ல ஒடச்ச?"

"சந்தையில, வெள்ளரிக்கா வண்டியில இருந்து! போதுமாக்கா? இந்த அண்ணன் சிரிக்கிறாரு."

"சரி, எதுக்குடா அந்த நம்பரு?"

"பாப்பா கண்ணாடிக்கு."

போனில் நலங்குப் பாட்டும் குலவையும்தான் கேட்டன. எனக்கு விளங்கிவிட்டது. அவர் அந்த நம்பரைச் சொல்லாவிட்டால் பார்சல் திரும்பிப் போய்விடும். இத்தனை வருஷம் அவர் கேட்டது நடந்துவிடும், பழி யார்மேலும் வராது. "அவ வெறும் மொகத்துக்கே லச்சணமா இருக்காளேடா..." என்றார், கெஞ்சுகிற குரலில்.

"இருக்காக்கா. ஆனா அவ கல்யாணத்த அவ பாக்கணும்கிறா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "மூணு... இல்ல எட்டு. ஒண்ணு. அது ஏழா?" டெலிவரிக்காரர் அடித்தார். தப்பு. இன்னொரு தடவை. அதுவும் தப்பு. "அண்ணே, இன்னொருவாட்டி தப்பாப் போட்டா எடுத்துக்காதுண்ணே" என்றார். என் உயிர் புளியமரத்தின் உச்சிக்கிளைக்குப் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல் என்றேன். "யாரும் சொல்லவேணாம், இரு" என்றார். பை திறக்கிற சத்தம். ஏதோ டப்பா மூடி திறக்கிற சத்தம். அதன்பிறகு அத்தை, கோயில் மைக்கில் அறிவிப்பதுபோல, நம்பரைக் கணீரென்று ஒரே மூச்சில் சொன்னார். பார்சல் என் கைக்கு வந்தது.

மண்டபத்துக்குத் திரும்பினால், அத்தனை பெண்களுக்கு நடுவில், நடுநாயகமாக, என் அக்கா மூக்கில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்! சுற்றியிருந்தவர்கள் பார்த்தும் பாராததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைப் பிளந்தேன்.

"என்னடா பாக்குற? கண்ணாடி போட்ட பொம்பளையப் பாத்ததில்லையா?"

"இது எப்பக்கா?"

"போன வருசம். பஸ் போர்டும் தெரியாம, போன்ல நம்பரும் தெரியாமச் சுத்திக்கிட்டு இருந்தேன். ஒம் மகதேன் கூட்டிட்டுப் போயி டெஸ்ட் எடுத்து, போன்ல பாத்து வாங்கிக் குடுத்தா. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டேன்."

தாயி, போன வருஷத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். பெண் பார்க்க வந்த அன்று உன் கண்ணாடியைப் பறித்தவருடைய பையில் நீ வாங்கிக் கொடுத்த கண்ணாடி இருந்திருக்கிறது. உன்னுடையதன்மேல் உட்கார்ந்து உடைத்துவிட்டுச் சாமிமேல் பழி போட்ட அன்றும் இருந்திருக்கிறது. கூடம் நிறையச் சனத்துக்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் யுத்தம் முடிந்திருக்கும். நீ சொல்லவில்லை. உனக்காக வாதாடினாய், அவரை வைத்து வாதாடவில்லை. என்னிடம் அப்படியொரு துருப்புச் சீட்டு இருந்திருந்தால் நான் பேனர் அடித்து பஸ் ஸ்டாண்டில் கட்டியிருப்பேன். பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதற்குத்தான் பெற்றவர்கள் கடிதம் எழுதுவார்கள். நான் என்ன புத்தி சொல்ல? இதே மாதிரி இரு என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கண்ணாடியை மட்டும் யார் வீட்டிலும் எதற்காகவும் கழற்றிக் கொடுக்காதே. குளிக்கும்போது கழற்று.

மறுநாள் மணவறையில் உட்கார்ந்தாய். அரக்குப் புடவை, கழுத்தில் மாலை, மூக்கில் அந்தக் கண்ணாடி. டாக்டர் எழுதியது எழுதியபடி, குன்றிமணி அளவும் கூடாமல் குறையாமல். போட்டோக்காரர் வந்து, "கண்ணாடியில லைட் அடிக்கிது மேடம், ரெண்டு படத்துக்கு மட்டும் கழட்டிக்கிறீங்களா?" என்று கேட்டு முடிப்பதற்குள், பின்னால் நின்ற அத்தை பாய்ந்தார்: "எம் மருமக எதுக்குக் கழட்டணும்? லைட்டத் திருப்புய்யா!" லைட் திரும்பியது. அவர் போட்ட சத்தத்தில் திண்டுக்கல் ஜில்லா முழுக்க எல்லா லைட்டும் திரும்பியிருக்கும்.

நீ பார்த்தாய். நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும். மந்திரம் சொல்லும்போதும், மாலை மாற்றும்போதும், உன் கண் கூட்டத்தின் மேல் ஒவ்வொரு வரிசையாக நகர்ந்தது. உன் சிநேகிதிகளிடம் நின்று சிரித்தது. பின்வரிசையில் வந்து உட்கார்ந்த நம் மார்க்கெட் ஆட்களைக் கண்டுபிடித்துத் தலையசைத்தது. தாலி ஏறுகிற நேரத்தில் நான் மெல்ல நழுவிப் பந்திக்குப் போகிற வழியில், கடைசித் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கெட்டிமேளச் சத்தம், எல்லோர் கையிலும் அட்சதை, எல்லோர் முகமும் மேடைப் பக்கம். அங்கே ஒருவன் நிற்பது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் காரில் ஏறும்போது, அம்மாவிடம் அழுது முடித்துவிட்டு என்னிடம் வந்தாய். காதோரம் குனிந்து, "கடைசித் தூணுகிட்ட நின்னு ஏம்ப்பா அழுதீக?" என்றாய்.

"நானா? பந்தியில வெங்காயம் நறுக்கினாய்ங்க தாயி, அந்தக் காத்து..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சுப்பா" என்றாய். கார் கிளம்பிவிட்டது.

உனக்குப் பதில் சொல்லத்தான் இத்தனை காகிதம் பிடித்தது. இந்த ஒரு வரியைக் கடைக்கு வருகிறவர்களிடம் படித்துக் காட்ட மாட்டேன். ஆமாம் தாயி, அழுதேன். அத்தனை பெரிய மண்டபத்தில் நீ ஒருத்திதான் பார்த்தாய். நீ பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்.

அப்பா